துக்க வீட்டுச் செலவும் கூட்டுறவும்: அமெரிக்கக் கிராமங்களின் அனுபவம்

கலியாணச் செலவுக்கு ஓராண்டு முன்னதாகவே குடும்பத்தார் கணக்குப் போடுகின்றனர். விதைப்புச் செலவுக்கு மழைக்கு முன்னரே ஏற்பாடு செய்கின்றனர். ஈமச் செலவோ ஒரே இரவில், அழுகையின் நடுவில், யோசிக்க அவகாசமின்றி வந்து சேர்வது. அவ்வேளையில் விலை விசாரிப்பது இறந்தவருக்குச் செய்யும் அவமரியாதை என்று பலர் எண்ணுகின்றனர். ஆதலால் கேட்ட தொகையை அவ்வாறே ஒப்புக்கொண்டு, பின்னர் நெடுநாள் வட்டி செலுத்தும் நிலைமை உண்டாகிறது. இத்துன்பம் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. செல்வம் மிகுந்த அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிராமங்களிலும் இதுவே நிகழ்ந்தது. அங்குள்ள விவசாயிகள் முதலில் கூட்டுறவின் மூலமாகவும், பிற்காலத்தில் சர்க்கார் விதி ஒன்றின் துணைகொண்டும் இதற்குப் பரிகாரம் தேடிய வரலாற்றைக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது பயன் தரும்.

ஈமக்கிரியை நிலையம் என்பது யாது?

தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒருவர் இறந்தால் உறவினரும் பங்காளிகளும் ஊராரும் கூடிக் காரியங்களைக் கவனிக்கின்றனர். பாடை கட்டுவதும், நீர்மாலை எடுப்பதும், சுடுகாட்டுக்கோ இடுகாட்டுக்கோ கொண்டு செல்வதும் பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடுகின்றன. அமெரிக்காவில் இவ்வேலைகள் யாவற்றையும் ஒரு தனித் தொழிலாகச் செய்யும் ஸ்தாபனங்கள் உள. அவையே ஈமக்கிரியை நிலையங்கள். செய்தி கிடைத்ததும் நிலையத்தார் வீட்டிலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ பிரேதத்தை எடுத்துச் செல்கின்றனர். குளிப்பாட்டி உடை உடுத்தி, பெட்டியில் வைத்து, உறவினர் வந்து பார்ப்பதற்கு ஒரு கூடத்தையும் அளிக்கின்றனர். மரணப் பதிவுக்குரிய தஸ்தாவேஜுகளைத் தயாரித்துச் சர்க்கார் காரியாலயத்தில் சேர்க்கின்றனர். பின்னர் மாதாகோவிலுக்கும், அங்கிருந்து கல்லறைக்கோ தகனசாலைக்கோ வண்டியில் கொண்டு செல்கின்றனர்.

அந்நாட்டிலும் இவ்வழக்கம் தொன்றுதொட்டு வந்ததன்று. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அண்டை வீட்டுப் பெண்டிரே பிரேதத்தைக் கழுவி உடுத்தினர். ஊர்த் தச்சர் பெட்டி செய்தார். அயலார் குழி வெட்டினர். நாற்காலி, மேஜை, கட்டில் செய்து விற்போர் பெட்டியும் செய்துகொடுத்தமையால், சிறு ஊர்களில் மரச்சாமான் கடைக்காரரே நாளடைவில் ஈமக்கிரியை நடத்துபவரும் ஆயினர்.

1861 முதல் 1865 வரை நடைபெற்ற உள்நாட்டு யுத்தம் ஒரு பெரும் மாறுதலை உண்டாக்கியது. தொலைவில் மாண்ட போர்வீரரின் உடலை ஊருக்குக் கொணரும் பொருட்டு, அழுகாதபடி இரத்தக் குழாய்களில் மருந்து செலுத்திப் பாதுகாக்கும் முறை பரவியது. 1865-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் கொல்லப்பட்ட ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் உடல், வாஷிங்டனிலிருந்து இல்லினாய்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு வரை ரெயிலில் பல நகரங்கள் வழியாகக் கொண்டுபோகப்பட்டது. வழியெங்கும் திரளான ஜனங்கள் அவ்வுடலைக் கண்டனர். மருந்திட்டுப் பாதுகாக்கும் முறையும் அவ்வாறே பொதுமக்களுக்குப் பரிச்சயமாயிற்று. அதன் பின்னர் இவ்வேலை தனித் தேர்ச்சியும் லைசென்ஸும் வேண்டிய தொழிலாக வளர்ந்தது. 1882-இல் இத்தொழிலினர் தங்களுக்கெனத் தேசிய சங்கம் ஒன்றை நிறுவினர். வீட்டின் முன்னறையில் நடந்த காரியம் நிலையத்தின் கூடத்துக்கு மாறியது. அதனுடன் அயலாரின் உதவி குறைந்து, பணச் செலவு பெருகிற்று.

கிராமத்தாருக்குரிய விசேஷக் கஷ்டங்கள்

நகரத்தில் நிலையங்கள் பல இருக்கும். ஓரிடத்தில் விலை அதிகமானால் மற்றோரிடத்திற்குப் போகலாம். கிராமாந்தரங்களிலோ ஒரு ஜில்லாப் பகுதி முழுவதற்கும் ஒன்றிரண்டு நிலையங்களே இருப்பது சகஜம். நிலையத்தார் அதே மாதாகோவிலுக்கு வருபவராகவும், தந்தையையும் பாட்டனையும் அடக்கம் செய்தவராகவும் இருப்பார். அத்தகையவரிடம் விலை பேசக் குடும்பத்தாருக்குக் கூச்சம் உண்டாகும். அவர் நேர்மையுள்ளவராயின் இப்பரிச்சயமே பெரும் ஆறுதலாகும். அங்ஙனம் அல்லாதவராயின் அதே பரிச்சயம் கேள்வி கேட்க வொட்டாத விலங்காகிவிடும்.

தூரம் மற்றொரு கஷ்டம். குறித்த மைல்களுக்கு மேற்பட்ட தூரத்திற்கு மைல் ஒன்றுக்கு இவ்வளவு எனத் தனிக் கட்டணம் விதிக்கப்படுவது வழக்கம். பெரிய ஆஸ்பத்திரி தொலைவான நகரத்தில் இருப்பதால், அங்கு இறந்தவரைக் கிராமத்துக்குக் கொணர்வதற்கே கணிசமான தொகை ஆகலாம். அன்றியும், மினசோட்டா, வட டக்கோட்டா முதலிய வடமாகாணங்களில் குளிர்காலத்தில் பூமி கல்போல் உறைந்துவிடுகிறது. அப்போது குழி தோண்டக் கூடுதல் கட்டணம் உண்டு. சில ஊர்களில் பெட்டியைப் பாதுகாப்பாக வைத்திருந்து வசந்த காலத்தில் அடக்கம் செய்கின்றனர்.

செலவின் அளவு

தொழிலினரின் தேசிய சங்கமே வெளியிட்ட கணக்கின்படி, 2023-இல் உறவினர் வந்து பார்க்கும் ஏற்பாட்டுடன் அடக்கம் செய்யும் கிரியைக்கு நடுத்தரச் செலவு 8,300 டாலர். அதே ஏற்பாட்டுடன் தகனம் செய்வதற்கு 6,280 டாலர். கல்லறை நிலத்தின் விலை, நினைவுக்கல், புஷ்பங்கள், பத்திரிகை விளம்பரம் ஆகியவை இத்தொகைகளில் சேர்ந்தவையல்ல. குழிக்குள் பெட்டியைச் சுற்றி வைக்கும் கான்கிரீட் தொட்டி வேண்டுமாயின் அதற்கும் தனிச் செலவு உண்டு. இச்செலவில் உதவும் பொருட்டுச் சமஷ்டி சர்க்காரின் சமூகக் காப்பு நிதியிலிருந்து தகுதியுள்ள மனைவிக்கோ கணவனுக்கோ குழந்தைக்கோ ஒரு முறை கிடைக்கும் தொகை 255 டாலர் மட்டுமே. செலவுக்கும் உதவிக்கும் உள்ள தூரத்தை இவ்விரு எண்களே விளக்கும்.

செலவு உயர்ந்ததும் ஜனங்கள் எளிய முறைகளை நாடினர். கிறிஸ்தவர் மிகுந்த அந்நாட்டில் அடக்கம் செய்வதே நெடுங்காலமாகப் பெருவழக்காயிருந்தும், 2015-இல் தகனங்களின் எண்ணிக்கை அடக்கங்களின் எண்ணிக்கையைத் தாண்டிற்று.

விவசாயிகள் கண்ட வழி

மத்திய மேற்கு மாகாணங்களின் விவசாயிகள் பால் பண்ணைக்கும், தானியக் களஞ்சியத்துக்கும், சாமான் வாங்குவதற்கும் முன்னரே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துப் பழகியவர்கள். தானிய விலை வீழ்ந்து கடன் மிகுந்திருந்த 1920-களிலும் 1930-களிலும் மினசோட்டா, அயோவா, தென் டக்கோட்டா முதலிய இடங்களில் அவர்கள் ஈமக்கிரியைக்கும் அதே முறையைக் கைக்கொண்டனர். குடும்பத்துக்குச் சிறு பங்குத் தொகை செலுத்தி, ஒரு கட்டிடமும் வண்டியும் பெற்று, லைசென்ஸ் உள்ள ஒருவரைச் சம்பளத்துக்கு நியமித்தனர். நிலையம் அங்கத்தினருக்கே சொந்தமாகையால், துக்கத்தில் இருப்பவரிடம் அதிக விலையுள்ள பெட்டியை விற்க வேண்டிய அவசியம் அதன் ஊழியருக்கு இல்லாமற்போயிற்று. இதுவே இம்முறையின் உயிர்நிலையாகும்.

சொந்த நிலையம் அமைக்க வசதியில்லாதார் வேறொரு வழியைக் கண்டனர். வாஷிங்டன் மாகாணத்து ஸியாட்டில் நகரில் 1939-இல் நிறுவப்பெற்ற மக்கள் நினைவுச் சங்கம் இதற்குச் சிறந்த உதாரணம். அங்கத்தினர்கள் ஆயுளுக்கு ஒரு முறை சிறு சந்தா செலுத்துவர். அவர்கள் அனைவரின் சார்பாகவும் சங்கம் நிலையத்தாருடன் எளிய கிரியைக்கு ஒரே விலையை முன்கூட்டியே பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளும். தனி ஒருவர் துக்க வேளையில் பேச முடியாத விலையைப் பலர் சேர்ந்து அமைதியான நாளில் பேசுவதே இதன் இரகசியம். அச்சங்கம் 2007-இல் தனக்கென ஒரு கூட்டுறவு நிலையத்தையும் தொடங்கியது. இவ்வகைச் சங்கங்கள் பிற மாகாணங்களிலும் பரவின. கானடாவின் க்யூபெக் மாகாணத்திலும் கூட்டுறவு ஈமக்கிரியை நிலையங்கள் நன்கு வேரூன்றியுள்ளன. 1844-இல் ராக்டேல் முன்னோடிகள் கடை திறந்த இங்கிலாந்திலோ, கூட்டுறவு இயக்கம் இத்தொழிலை நடத்தும் மிகப் பெரிய ஸ்தாபனங்களுள் ஒன்றாக விளங்குகிறது.

1984-ஆம் வருஷத்து விதி

1963-இல் ஜெஸிகா மிட்போர்டு என்ற அம்மையார் அமெரிக்க ஈமச் சடங்குகளில் நடக்கும் வியாபாரத்தைக் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். அதனால் பொதுமக்களிடையே பெரும் விவாதம் எழுந்தது. பின்னர் சமஷ்டி வர்த்தகக் கமிஷன் விசாரணை செய்து ஒரு விதியை இயற்றியது. அது 1984-இல் அமுலுக்கு வந்தது. அதன் முக்கிய அம்சங்கள் வருமாறு:

1. டெலிபோனில் யார் கேட்டாலும், பெயரைக்கூட வற்புறுத்தாமல், நிலையத்தார் விலையைச் சொல்லவேண்டும்.

2. நேரில் வந்து விசாரிப்பவருக்கு ஒவ்வொரு வேலைக்கும் பொருளுக்கும் தனித்தனி விலை குறித்த அச்சிட்ட ஜாபிதாவைக் கொடுக்கவேண்டும். அதை அவர் தம்முடன் எடுத்துச் செல்லலாம்.

3. பெட்டிகளைக் காட்டுவதற்கு முன்னரே அவற்றின் விலை ஜாபிதாவைக் காட்டவேண்டும்.

4. நிலையத்தின் அடிப்படைக் கட்டணம் ஒன்று நீங்கலாக, வேண்டியவற்றை மட்டும் குடும்பத்தார் தேர்ந்துகொள்ளலாம். எல்லாவற்றையும் ஒன்றாகவே வாங்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தலாகாது.

5. வேறிடத்தில் வாங்கிய பெட்டியை மறுக்கவோ அதற்கெனத் தனிக் கட்டணம் கேட்கவோ கூடாது.

6. நேரே தகனம் செய்வதற்கு விலையுயர்ந்த பெட்டி அவசியம் என்று சொல்லலாகாது. மருந்திட்டுப் பாதுகாப்பது எல்லா மரணங்களுக்கும் சட்டப்படி கட்டாயம் என்று பொய் சொல்லவும் கூடாது.

7. முடிவில் தேர்ந்தவற்றின் விலைகளையும் மொத்தத் தொகையையும் எழுத்து மூலம் கொடுக்கவேண்டும்.

கிராமத்தாருக்கு இவ்விதியில் முதல் அம்சமே மிகப் பெரிய அனுகூலம். ஐம்பது மைல் சுற்றளவிலுள்ள மூன்று நான்கு நிலையங்களின் விலைகளை, வீட்டைவிட்டு வெளியேறாமல், ஒரு பிற்பகலில் கேட்டறிந்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஓர் உதாரணம்

மினசோட்டா நாட்டுப்புறத்தில் ஒரு விவசாயி இறந்ததாக வைத்துக்கொள்வோம். மனைவியும் மகனும் அருகிலுள்ள நிலையத்துக்குச் செல்கின்றனர். கூடத்தில் முதலில் கண்ணில் படுவது பளபளக்கும் உலோகப் பெட்டி. எளிய பெட்டி ஒரு மூலையில் இருக்கிறது. அல்லது அங்கு வைக்கப்படவே இல்லை. “அப்பாவுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?” என்று மகன் நினைக்கிறான். தாய் தலையசைக்கிறாள். கையொப்பமாகிறது. அறுவடைப் பணத்தில் பாதி அன்றே கடனாகிறது.

அதே குடும்பம் முன்னதாகவே ஏற்பாடு செய்திருந்தால் நடப்பது வேறு. விவசாயி உயிருடன் இருக்கும்போதே தமது விருப்பத்தை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். மருந்து வேண்டாம், மரப்பெட்டி போதும், மாதாகோவிலில் வழிபாடு, தந்தையின் பக்கத்தில் இடம். விலை ஜாபிதாவும் அத்தாளுடன் இருக்கிறது. மகன் டெலிபோனில் பேசுகிறான். தாய் அழுவதற்கு வேண்டிய நேரம் அவளுக்குக் கிடைக்கிறது. இறந்தவருக்குரிய மரியாதை இரண்டிடத்திலும் ஒன்றே. பின்னால் வீட்டில் எஞ்சியிருப்பதுதான் வேறு.

அங்குள்ள குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை

நிலையத்தைத் தேடும் கிராமக் குடும்பத்தார் முதலில் பாதிரியாரையும், அயலாரையும், அண்மையில் துக்கம் நேர்ந்த வீட்டாரையும் விசாரிப்பது நலம். நினைவுச் சங்கம் அல்லது கூட்டுறவு நிலையம் அப்பகுதியில் உண்டா என்று பார்க்கவேண்டும். நிலையத்துக்கு மாகாண லைசென்ஸ் உண்டா என்பதை உரிய அதிகாரிகளிடம் கேட்டறியலாம். ஊர்திக்கு எத்தனை மைல் வரை கட்டணம் இல்லை என்பதையும், குழி வெட்டி மூடும் செலவு எவ்வளவு என்பதையும் கட்டாயம் கேட்கவேண்டும். பின்னது கல்லறை நிர்வாகத்தாருக்குச் சேர்வதாகையால் நிலையத்தின் ஜாபிதாவில் இராமற்போகலாம். இறந்தவர் முன்னாள் போர்வீரராயின், தகுதியுள்ளவர்களுக்குத் தேசியக் கல்லறைகளில் இடமும் நினைவுக்கல்லும் இலவசமாகக் கிடைக்கும். பெரும்பாலான மாகாணங்களில், நிலையத்தாரின் உதவியின்றிக் குடும்பத்தாரே காரியங்களை நடத்தவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

முன்பணம் செலுத்துவதில் எச்சரிக்கை தேவை. உயிருடன் இருக்கும்போதே நிலையத்தாரிடம் பணம் கட்டிவைக்கும் திட்டங்கள் உள. நிலையம் கைமாறினாலும், மூடப்பட்டாலும், குடும்பம் வேறூருக்குக் குடிபெயர்ந்தாலும் அப்பணத்தின் கதி என்ன என்பதை எழுத்து மூலம் தெரிந்துகொள்ளாமல் கட்டலாகாது. விருப்பத்தை முன்கூட்டி எழுதிவைப்பது வேறு. பணத்தை முன்கூட்டிக் கொடுத்துவிடுவது வேறு. நாணயச் சங்கத்திலோ பாங்கியிலோ தமது பெயரிலேயே சேமித்து, தமக்குப்பின் இன்னாருக்குச் சேரவேண்டும் என்று குறித்து வைப்பது எளிதும் பத்திரமுமான வழி. பணமும் தம் வசமே இருக்கும்.

தமிழ்நாட்டுச் சங்கங்களுக்கு இதனால் அறியக் கிடப்பது

மேனாட்டு நிலையங்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு வரவேண்டும் என்பது இங்குக் கருத்தன்று. பாடை கட்ட ஊரார் கை கொடுக்கும் வழக்கம் பணத்தால் வாங்க முடியாத செல்வம். அமெரிக்கர் அதை இழந்த பின்னரே அதன் விலையை உணர்ந்தனர். எனினும், பதினாறாம் நாள் வரை நீளும் செலவும், பந்தலும், பந்தியும், ஊர் மெச்சவேண்டும் என்ற எண்ணமும் குடும்பங்களைக் கடனில் ஆழ்த்துவது இங்கும் உண்டு. ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன் சென்னை மாகாணத்து விவசாயக் கடனை ஆராய்ந்து 1895-இலும் 1897-இலும் அறிக்கைகள் வெளியிட்டார். 1904-இல் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறந்து, அவ்வாண்டே திரூர் கிராமத்தில் முதற் சங்கம் பதிவாயிற்று. லேவாதேவிக்காரரின் வாசலில் விவசாயி நிற்கவேண்டிய நிலையை ஒழிப்பதே அதன் நோக்கம். துக்க வீட்டார் அவ்வாசலில் நிற்கும்வரை அந்நோக்கம் முற்றும் நிறைவேறியதாகாது.

ஆகவே சங்க அங்கத்தினர்கள் சில காரியங்களை அமைதியான நாளிலேயே செய்துகொள்ளலாம். ஒவ்வொருவரும் தமது பங்குக்கும் சேமிப்புக்கும் வாரிசு நியமனம் செய்து, புஸ்தகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று காரியதரிசியிடம் கேட்டுப் பார்க்கவேண்டும். பாடைச் சாமான், குளிர்பெட்டி வாடகை, ஊர்தி, பந்தல் ஆகியவற்றுக்கு அக்கம்பக்கத்தில் என்ன விலை என்பதை விசாரித்து, ஒரு ஜாபிதாவாக எழுதிச் சங்கக் கட்டிடத்தில் ஒட்டி வைக்கலாம். அங்கத்தினர் சம்மதித்தால், மாதம் சிறு தொகை சேர்த்து மரண சகாய நிதி ஒன்றை விதிகளுக்கு உட்பட்டு நடத்தலாம். மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டும் என்பது 1969-ஆம் வருஷத்துச் சட்டம். பதிவுச் சான்று இன்றேல் பங்குத் தொகையும், காப்புறுதிப் பணமும், நிலப் பட்டா மாற்றமும் தடைப்படும். இதைத் துக்க வீட்டாருக்கு நினைவூட்டுவதும் சங்கத்தார் செய்யத்தக்க உதவியே.

இவற்றுக்குப் பெரும் மூலதனம் வேண்டுவதில்லை. மினசோட்டா விவசாயிகள் வண்டியும் கட்டிடமும் பெறுவதற்கு முன் செய்த முதற்காரியம், ஒரு மாலைப்பொழுதில் கூடி உட்கார்ந்து, சாவின் செலவைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசியதேயாகும். அடுத்த பொதுக்கூட்டத்தில் அப்பேச்சைத் தொடங்கும் சங்கம், தன் அங்கத்தினருள் ஒரு குடும்பத்தையேனும் கடனிலிருந்து காத்த புண்ணியத்தைப் பெறும்.